ஸ்கூல் ட்ரிப்ல டிப்ஸ்: யாருக்கு, எவ்ளோ, காசு யார் கையில?

நம்ம சிங்கப்பூர் புள்ளைங்களுக்கு டிப்ஸ் குடுத்துப் பழக்கமே கிடையாது, அதுக்கு அவங்கள சொல்லி குத்தம் இல்ல. ரெஸ்டாரன்ட் போனா பில்லுலயே 10% சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9% ஜிஎஸ்டி, எல்லாம் போட்டுத்தான் வருது. டாக்ஸி அங்கிளுக்கு மீட்டர் காட்டுறது, காப்பிக்கடையில சாப்ட்டுட்டு ட்ரேயை எடுத்துக் கொண்டுபோய் வச்சா வேலை முடிஞ்சது. இப்படியே வளர்ந்துட்டு செக் த்ரீல ஸ்கூல் ட்ரிப்னு அமெரிக்காவுல போய் இறங்கி எட்டு பேரா ஒரு டேபிள்ல உக்காந்து சாப்ட்டுட்டு பில்லுல உள்ளத மட்டும் குடுத்துட்டு எந்திரிச்சு வந்தா அந்த வெயிட்டர் மூஞ்சி எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதே புள்ளைங்க ஜப்பான்ல மேசை மேல காசு வச்சுட்டு வந்தா கடைக்காரரு தெருவுல பின்னாடியே ஓடி வந்து திருப்பிக் குடுப்பாரு.

இது ட்ரிப்புக்கு ஐசியா, அதாவது பொறுப்பா, போற டீச்சர்களுக்கும் கூட ஹெல்ப் பண்ணப் போற பேரன்ட்ஸுக்கும். நான் சொல்ல வர்றது ஒன்னுதான், டிப்ஸ் விஷயத்தை சிங்கப்பூர்லயே முடிச்சுட்டு ப்ளேன் ஏறுங்க. அங்க போய் பஸ்ல உக்காந்துகிட்டு ஆளுக்கு எவ்ளோன்னு பேசக் கூடாது, அதுவும் புள்ளைங்க முன்னாடி.

மொத வேலை, ஏஜன்சி குடுக்குற கொட்டேஷனை கடைசி பக்கம் வரைக்கும் படிங்க. எது சேர்த்தி எது சேர்த்தி இல்லங்கிற பகுதியில டிப்ஸ் எங்க நிக்குதுன்னு பாருங்க. நிறைய கொட்டேஷன்ல "சேர்த்தி இல்ல" பக்கம்தான் கிடக்கும், சின்ன எழுத்துல, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு. அது பாக்க ஒன்னும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா கணக்குப் போடுங்க, அமெரிக்கா ட்ரிப்புன்னு வச்சுக்குவோம், கைடுக்கு ஆளுக்கு 5 டாலர், டிரைவருக்கு 3 டாலர், மொத்தம் 8 அமெரிக்க டாலர். 32 புள்ளைங்க 4 டீச்சர், 6 நாள். 1,728 டாலர் வருது! ஆளுக்கு 48தான், ஆனா இத கடைசி வாரத்துல பேரன்ட்ஸ்கிட்ட தனியா கேட்டா வாட்ஸாப் குரூப்ல என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா. மொத லெட்டர்லயே மொத்தக் காசுக்குள்ள போட்டுருங்க, எஃப்ஏஎஸ்ல (நிதி உதவித் திட்டம்) இருக்குற புள்ளைங்களுக்கும் அப்பதான் சங்கடம் இல்ல, யார் குடுத்தா யார் குடுக்கலன்னு யாருக்கும் தெரியாது.

ஏஜன்சிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி சிலது இருக்கு, போன்ல கேக்காதீங்க, ஈமெயில்ல கேளுங்க, பதில் கையில இருக்கணும். இது டூர் லீடருக்கு மட்டுமா, லோக்கல் கைடு டிரைவர் எல்லாருக்கும் சேர்த்தா? நைட்டு போய் இறங்குற நாளும் கிளம்பி வர்ற நாளும் கணக்குல வருதா? (இங்கதான் ரெண்டு நாள் கூட ஏறும்.) டீச்சருங்க தலையும் எண்ணுறாங்களா, அப்படின்னா டீச்சர் பங்கு யார் தர்றா? புள்ளைங்க கட்டுன காசுல டீச்சர் பங்கும் போகுதுன்னா அத லெட்டர்ல வெளிப்படையா எழுதிடணும், மறைச்சா பின்னாடி பேச்சு வரும். அப்புறம் ஹோட்டல்ல பெட்டி தூக்குறது, ஏற்கனவே புக் பண்ண சாப்பாடு, இதுல சர்வீஸ் சேர்ந்திருக்கா? குரூப் சாப்பாடு முக்காவாசி ஏஜன்சியே காசு கட்டிடுறது, அதுல கிராஜுவிட்டியும் (டிப்ஸுக்கு இன்னொரு பேரு) சேர்ந்திருச்சுன்னா நீங்க மேசையில மறுபடி வைக்க வேண்டியது இல்ல. இது தெரியாம ரெண்டு தடவ குடுக்குற குரூப் நிறைய இருக்கு.

அடுத்தது காசு யார் கையில. ஒரு டீச்சர் கையில, ஒரே பர்ஸ்ல, அவ்வளவுதான் லா. இன்னொரு டீச்சர் சாட்சிக்கு. கையில குடுக்குற டிப்ஸுக்கு பெரும்பாலும் ரசீது தர மாட்டாங்க, ஆனா நம்ம ஸ்கூல் ஆபீஸ்ல ரசீது இல்லாம ஒரு காசு அசையாது, அதனால ஒரு சின்ன நோட்டுப் புக்குல தேதி, யாருக்கு, எதுக்கு, எவ்ளோ, ரெண்டு டீச்சர் கையெழுத்து, இத அன்னன்னிக்கே எழுதிடுங்க. ஊருக்கு வந்து ஞாபகப்படுத்தி எழுதலாம்னு விட்டா கணக்கு இடிக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல இந்த மாதிரி வவுச்சர் ஒத்துக்குவாங்களான்னும் கேட்டு வச்சுக்கணும். இன்னொன்னு, ஒரு ஆள் 20,000 வெள்ளிக்கு மேல ரொக்கமா சிங்கப்பூர விட்டு எடுத்துட்டுப் போனா டிக்ளேர் பண்ணணும், டிப்ஸுக்கு மட்டும் அவ்ளோ வராது, ஆனா எமர்ஜென்சி காசு சாப்பாட்டுக் காசு எல்லாம் ஒரே டீச்சர் பேக்ல இருந்தா கூட்டிப் பாத்துக்கோங்க.

மணி சேஞ்சர்கிட்ட போறப்ப சில்லறை நோட்டா கேளுங்க. முஸ்தபா பக்கமோ ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடோ எங்க மாத்துனாலும் நீங்க கேக்கலன்னா பெரிய நோட்டாத்தான் நீட்டுவாங்க, 100 டாலர் நோட்டை வச்சுகிட்டு பெட்டி தூக்குறவருக்கு என்ன குடுப்பீங்க? ஒரு டாலர் அஞ்சு டாலர் நோட்டு கட்டா இருக்கான்னு முன்கூட்டியே போன் போட்டு கேட்டா எடுத்து வைப்பாங்க. காயின் கிடைக்காது, அது அங்க போய்த்தான். நம்ம சிங்கப்பூர் காயினை டிப்ஸா யாருக்கும் குடுக்காதீங்க, நினைவுப் பொருள்னு சொல்லி குடுத்தாலும் அத எந்த ஊர் மணி சேஞ்சரும் வாங்க மாட்டான், வாங்குனவருக்கு சுமைதான். ஸ்கூல் அலமாரியில பழைய ட்ரிப்ல மிஞ்சுன நோட்டு கிடக்கும், அதையும் செக் பண்ணுங்க. பேப்பர்ல அடிச்ச 20 பவுண்டு, 50 பவுண்டு நோட்டெல்லாம் 2022 செப்டம்பரோட கடையில செல்லாமப் போச்சு, இந்தியாவோட 2000 ரூபா நோட்டை 2023ல திரும்ப வாங்க ஆரம்பிச்சிட்டாங்க.

கவருக்கு அங் பாவ் கவர் எடுத்துட்டுப் போங்க, எல்லார் வீட்லயும் டிராயர் நிறைய கிடக்குதே. தைவான், சீனா, வியட்நாம் பக்கம் சிவப்பு கவர்ல குடுத்தா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. வெள்ளைக் கவர் மட்டும் வேண்டாம், சீனக் குடும்பங்கள்ல சாவு வீட்டுக்கு காசு வைக்கிறது வெள்ளைக் கவர்லதான்னு நம்ம புள்ளைங்களுக்கே தெரியும். தொகையிலயும் 4 வராம பாத்துக்கோங்க, 400க்கு பதிலா 380ஓ 500ஓ. ஒவ்வொரு கவர் மேலயும் பென்சில்ல டிரைவர், கைடு, ரூம் 5ன்னு எழுதி ஹோட்டல்லயே பிரிச்சு வச்சுட்டா பஸ் பக்கத்துல நின்னு நோட்டு எண்ண வேண்டியது இல்ல.

இனி நாடு நாடா. ஜப்பானும் கொரியாவும் சுலபம், கடையில டாக்ஸியில ஹோட்டல்ல எங்கயும் வேண்டாம். சார்ட்டர் பஸ் டிரைவருக்கும் கைடுக்கும் மட்டும் சில ஏஜன்சி டிப்ஸ் வாங்கிச் சேர்த்திருப்பாங்க, அப்படி இருந்தா அவங்களே குடுத்துடுவாங்க, நீங்க நோட்டை நீட்டாதீங்க. ஏதாவது செய்யணும்னு மனசு கேக்கலன்னா சிங்கப்பூர்ல இருந்து பேக்கெட் போட்ட அன்னாசி டார்ட்டோ காயா பிஸ்கட்டோ கொண்டு போய் ரெண்டு கையால குடுங்க. சிஸ்டர் ஸ்கூல், ஹோம்ஸ்டே வீடு, இந்த ரெண்டு இடத்துலயும் எந்த நாடா இருந்தாலும் காசு நீட்டக் கூடாது, அது அவமானம், பரிசுதான்.

சீனா, தைவான் ரெஸ்டாரன்ட்ல டிப்ஸ் பழக்கம் இல்ல, தைவான்ல கொஞ்சம் பெரிய கடைன்னா நம்ம ஊரு மாதிரியே 10% பில்லுல ஏறும். ஆனா டூர் குரூப்னா கைடும் டிரைவரும் எதிர்பாப்பாங்க, அதுக்குத்தான் கொட்டேஷன்ல லைன்.

வியட்நாம், கம்போடியா, தாய்லாந்துக்கு சர்வீஸ் ப்ராஜெக்ட்னு நிறைய ஸ்கூல் போகுது. கைடு, டிரைவர், படகு ஓட்டுறவரு, பெட்டி தூக்குறவரு, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம். வியட்நாம்ல ஒரு ஆபத்து இருக்கு, 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் ரெண்டுமே நீலம்! ஒன்னு நம்ம காசுக்கு ஒரு வெள்ளி பக்கம், இன்னொன்னு இருபத்தஞ்சு வெள்ளி பக்கம். இருட்டுல பஸ் படியில நின்னு குடுத்தா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க, ரெண்டையும் வேற வேற பர்ஸ்ல வைங்க. கம்போடியாவுல அமெரிக்க டாலர் ஓடும், ஆனா ஓரம் கிழிஞ்சது, பேனா கிறுக்கு இருக்குறது, ரொம்ப நசுங்குனது எல்லாம் வாங்க மாட்டாங்க, குடுத்தா வாங்குனவருக்கும் அது செல்லாது, அதனால இங்க மாத்துறப்பவே ஒவ்வொன்னா பாத்து வாங்குங்க. தாய்லாந்துக்கு 20 பாட் நோட்டு நிறைய வேணும். நோட்டுல ராஜா படம் இருக்கு, கீழ விழுந்தா காலால மிதிச்சு புடிக்கக் கூடாதுன்னு புள்ளைங்களுக்கு ப்ளேன்லயே சொல்லிடுங்க.

கிராமத்து ஸ்கூல்ல பெயின்ட் அடிக்கப் போறப்ப சின்னப் புள்ளைங்க சுத்தி வந்து நிக்கும், நம்ம புள்ளைங்களுக்கு மனசு இளகி பாக்கெட்ல இருக்குறத எடுத்துக் குடுத்துடும். வேண்டாம். கோயில் வாசல்ல போஸ்ட்கார்டு விக்கிற புள்ளைக்கும் அதேதான், காசு வந்தா அந்தப் புள்ளைய நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பாம அங்கதான் நிறுத்துவாங்க. குடுக்கணும்னா டீச்சர் வழியா அந்த ஸ்கூலுக்கு.

இந்தியாவுக்கு, அதாவது தமிழ் படிக்கிற புள்ளைங்கள கூட்டிகிட்டு சென்னை, தஞ்சாவூர், மதுரைன்னு போறது. நம்ம ஊருதானேன்னு யாரும் ப்ளான் பண்றது இல்ல, ஆனா இங்கதான் கை நீட்டுற இடம் அதிகம். டூரிஸ்ட் பஸ்ல டிரைவர் பேட்டான்னு ஒன்னு இருக்கு, அது அவரோட சாப்பாடு தங்குற செலவுக்கு வாடகையோட சேர்ந்தது, டிப்ஸ் இல்ல. பேட்டா குடுத்தாச்சேன்னு கடைசி நாள் சும்மா வந்துடாதீங்க, பேட்டா யார் தர்றா நம்மளா ஏஜன்சியான்னும் மொதல்லயே கேட்டுக்கோங்க. டிரைவரோட கூட ஒரு கிளீனர் தம்பி இருப்பாரு, பஸ்ஸ கூட்டி, பெட்டிய மேல ஏத்தி, ரிவர்ஸ் எடுக்குறப்ப விசில் அடிச்சு எல்லா வேலையும் அவரு, ஆனா கவர் டிரைவருக்கு மட்டும்தான் போகும். அவருக்கு தனிக் கவர், அவரு கையிலயே. ரயில்வே ஸ்டேஷன்ல போர்ட்டர்கிட்ட பெட்டி எத்தனைன்னு காட்டி மொதல்லயே ரேட் பேசிடுங்க, கோயில்ல வந்து ஒட்டிக்கிற கைடுகிட்டயும் அப்படியே, சுத்திக் காட்டுன பிறகு பேசுனா நாப்பது புள்ளைங்களோட வெயில்ல நின்னு வாக்குவாதம் பண்ணணும். செருப்பு பாத்துக்குறவருக்கு 10, 20 ரூபா நோட்டு. ஹோட்டல் பில்லுல சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தா எடுக்கச் சொல்லலாம், கட்டாயமா போடக் கூடாதுன்னு 2022லயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, டெல்லி ஹைகோர்ட்டும் 2025ல அதையே உறுதி பண்ணிருச்சு. எடுத்துட்டா பரிமாறுனவருக்கு கையில குடுங்க, வலது கையால.

இப்ப அமெரிக்கா, நாசா பாக்க, பாஸ்டன் யூனிவர்சிட்டி பாக்கன்னு போறவங்க கவனமா படிங்க. அங்க டிப்ஸ்ங்கிறது அன்பளிப்பு இல்ல, சம்பளத்துல பாதி. டிப்ஸ் வாங்குற வேலைக்கு முதலாளி கையில இருந்து தர வேண்டிய ஃபெடரல் குறைஞ்சபட்ச கூலி ஒரு மணிக்கு 2.13 டாலர்தான், 1991ல இருந்து மாறவே இல்ல. மிச்சம் டிப்ஸ்ல வரணும், டிப்ஸ் சேர்த்தும் மத்த வேலைக்கு உள்ள ஃபெடரல் குறைஞ்சபட்ச கூலி 7.25 டாலர் வரலன்னா முதலாளி ஈடு கட்டணும்னு சட்டம். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலத்துல முழுக் கூலி உண்டு, ஆனா அங்கயும் டிப்ஸ் வைக்கிறது குறையல. உக்காந்து சாப்பிடுற கடையில 18ல இருந்து 20%, டாக்ஸ் போடுறதுக்கு முன்னாடி உள்ள தொகைக்கு. ஆறு எட்டு பேருக்கு மேல டேபிள்னா பல கடையில கிராஜுவிட்டி தானாவே பில்லுல ஏறிடும், அப்ப அதுக்குக் கீழ இன்னொரு காலி டிப்ஸ் கோடும் இருக்கும், அதுல மறுபடி எழுத வேண்டாம். இத டீச்சர் மட்டும் தெரிஞ்சுகிட்டா பத்தாது, ஃப்ரீ டைம்ல புள்ளைங்க குட்டி குரூப்பா சாப்பிடப் போகும், அதனால ப்ரீஃபிங்ல ஒரு பில்லு படத்தை ஸ்க்ரீன்ல போட்டு எத எத பாக்கணும்னு காட்டுங்க. மெக்டோனல்ட்ஸ், ஃபுட் கோர்ட், இங்க எல்லாம் டிப்ஸ் இல்ல. காப்பி வாங்குறப்ப ஸ்க்ரீனைத் திருப்பி 18, 20, 25ன்னு காட்டுவாங்க, பின்னாடி க்யூ நிக்குதேன்னு புள்ளைங்க பயந்து எதையாவது அமுக்கும், கவுண்டர்ல வாங்கிட்டு போறதுக்கு டிப்ஸ் இல்லாத பட்டனை அமுக்குறதுல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிடுங்க. என்னக் கேட்டா புள்ளைங்கள கவுண்டர் கடைக்கே அனுப்புறது நல்லது, காசும் மிச்சம் கணக்கும் மிச்சம்.

ஹோட்டல் ரூம் க்ளீன் பண்றவங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 2ல இருந்து 5 டாலர், தினமும் காலையில வைக்கணும், ஏன்னா நாளைக்கு வர்றது வேற ஆளா இருக்கலாம். கூடவே ஒரு தேங்க்யூ சீட்டு, இல்லன்னா யாரோ மறந்து வச்ச காசுன்னு தொட மாட்டாங்க. நாலு பசங்க படுத்து எந்திரிச்ச ரூம் எந்த லட்சணத்துல இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், டவலை ஒரு மூலையில குவிச்சு குப்பையை ஒரே பையில போட்டு வைக்கச் சொல்லுங்க, அது காசுக்கு மேல. பெட்டி தூக்குனா ஒரு பெட்டிக்கு 1, 2 டாலர், பசங்களே தூக்கட்டும், வயசுதானே. நேஷனல் பார்க் ரேஞ்சர் மாதிரி அரசாங்க ஆளுங்களுக்கு குடுக்கக் கூடாது, அவங்க வாங்கவும் கூடாது. கனடாவும் ஏறக்குறைய இப்படித்தான், 15ல இருந்து 20%.

பிரிட்டன்ல பல ரெஸ்டாரன்ட் பில்லுல 12.5% சர்வீஸ் சார்ஜ் இருக்கும், இஷ்டம்னு எழுதியிருக்கும், சாப்பாடு சர்வீஸ் சரியில்லன்னா எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் 1ல இருந்து புதுச் சட்டம், அந்தக் காசை முதலாளி பிடிச்சுக்காம முழுசா வேலை செய்றவங்களுக்கே தரணும். அதனால அது பில்லுல இருந்தா மேல வைக்க வேண்டாம். பிரான்ஸ்ல விலையிலயே சர்வீஸ் அடக்கம், சில்லறை விட்டா போதும். இத்தாலில கொப்பெர்த்தோன்னு ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ பில்லுல ஏறும், அது உக்காந்ததுக்கு, டிப்ஸ் இல்ல, சண்டை போடாதீங்க. ஜெர்மனில மேசையில வச்சுட்டு வர்ற பழக்கம் இல்ல, காசு குடுக்குறப்பவே ரவுண்டா ஒரு தொகை சொல்லணும், 27 யூரோ பில்லுன்னா 30ன்னு சொல்லி குடுக்கணும். யூரோப் முழுக்க காயின் பை ஒன்னு வேணும், டாய்லட்டுக்கு. அது டிப்ஸ் கணக்குல வராது, ஆனா ஹைவேல 36 பேர் இறங்குனா ஆளுக்கு 50 சென்ட், 1 யூரோன்னு காணாமப் போகும், ஜெர்மனில சானிஃபேர்ங்கிற டாய்லட் வாசல் கேட்ல குடுக்குற காசுக்கு கூப்பன் தருவான், அத புள்ளைங்க தூக்கிப் போடாம வாங்கி வச்சா கடையில கழிச்சுக்கலாம்.

"ஃப்ரீ வாக்கிங் டூர்"னு பாத்து சந்தோஷப்பட்டு குரூப்போட போய் நிக்காதீங்க. அந்த கைடுக்கு டிப்ஸ்தான் வருமானம், பல கம்பெனில வந்து நிக்கிற தலை ஒவ்வொன்னுக்கும் அவரு கம்பெனிக்கு காசு கட்டணும், முப்பது புள்ளைங்க சும்மா கேட்டுட்டு போனா அவருக்கு அன்னிக்கு நஷ்டம். குரூப்னா காசு குடுத்து தனி டூர் புக் பண்றதுதான் மரியாதை.

யூரோப் பஸ் டிரைவர் விஷயம் தனியா சொல்றேன். ஒரு நாளைக்கு சாதாரணமா 9 மணி நேரந்தான் ஓட்டலாம், நாலரை மணி நேரத்துக்கு அப்புறம் 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம், எல்லாம் மெஷின்ல பதிவாகும். கவர் தர்றோம் இன்னும் ஒரு இடம் போலாம்னு கேட்டா அவரு லைசென்ஸுக்கே ஆபத்து. பாதியில டிரைவர் மாறுவாரு, மாறுற அன்னிக்கே அவருக்கு உள்ள நாளைக் கணக்குப் பண்ணி குடுத்துடுங்க, கடைசி நாள் டிரைவருக்கு மொத்தமும் போயிடக் கூடாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு போறவங்களுக்கு பெருசா ஒன்னும் இல்ல, யாரும் எதிர்பாக்க மாட்டாங்க, கொட்டேஷன்ல இருந்தா குடுங்க. மலாக்கா, ஈப்போன்னு பக்கத்துல போறதுக்கும் கோச் அங்கிளுக்கு ஒரு கவர், முடிஞ்சது.

குடுக்குற நேரமும் முக்கியம். ஏர்போர்ட் வாசல்ல பெட்டி இறக்குற அவசரத்துல வேண்டாம், அதுக்கு முந்தின ஸ்டாப்ல, சாப்பாடு முடிஞ்சதும். ரெண்டு புள்ளைங்கள விட்டு குடுக்கச் சொல்லுங்க, எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு கார்டோட. கவர் கனத்தை விட அந்த கார்டுதான் பெருசு, அத டிரைவருங்க டேஷ்போர்டுல வச்சு ஓட்டுறத பாத்திருக்கேன்.

ஒரு ட்ரிப்ல கைடே மைக்கை புடிச்சுகிட்டு, இப்ப கவர் சுத்தி வருது மக்களே, நல்ல மனசு உள்ளவங்க போடலாம்னு ஆரம்பிச்சாரு, புள்ளைங்க ஒன்ன ஒன்னு பாத்துகிட்டு சாப்பாட்டுக் காசை எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்படி நடந்தா எழுந்து போய் மெதுவா சொல்லுங்க, டிப்ஸ் ஸ்கூல் ஏற்கனவே ஒதுக்கியிருக்கு, கடைசில நாங்க தர்றோம், புள்ளைங்ககிட்ட வேண்டாம்னு. சிரிச்ச முகத்தோட சொன்னா போதும், சண்டை வேண்டாம், ஆனா அன்னிக்கு ராத்திரியே ஏஜன்சிக்கு மெசேஜ் போயிடணும். கைடு வேலை நிஜமாவே மோசம்னா தொகையைக் குறைக்கலாமா? குறைக்கலாம், ஏஜன்சிகிட்ட காரணம் எழுதிட்டு. டிரைவர் காசுல மட்டும் கை வைக்காதீங்க, கைடு வளவளன்னு பேசுனதுக்கு அவரு என்ன பண்ணுவாரு, நம்ம புள்ளைங்கள முழுசா கொண்டு வந்து சேர்த்தது அவருதான்.

வந்து இறங்குனதும் மிச்சம் உள்ள வெளிநாட்டு காசை ஸ்கூல் அலமாரியில போடாம அதே வாரம் மாத்தி, நோட்டுப் புக்கு கணக்கை ஒரு பக்கமா டைப் பண்ணி ஆளுக்கு எவ்ளோ திரும்ப வருதுன்னு பேரன்ட்ஸுக்கு அனுப்பிடுங்க. ஆளுக்கு 1 வெள்ளி 30 காசுன்னாலும் அனுப்புங்க.